முந்நூறு மீட்டர்

அன்செல்மோ கடை இயந்திரம் எவ்வளவு எண்ணெய் போட்டாலும் கிறீச்சிடும். காலை ஆறு மணிக்கு அந்தச் சத்தம் எழும்பினால் எங்கள் மேல் வட்டாரத்துப் பெண்கள் துணியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். துணி இல்லாமல் தோர்த்தியா, அதாவது சோள ரொட்டி, வாங்கப் போவது வழக்கமில்லை. சூடான அடுக்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தால்தான் மதியம் வரை மெத்தென்று இருக்கும். காகிதத்தில் வாங்கிப் போகிறவளைப் பார்த்து, உன் வீட்டில் ஊசி பிடிக்கத் தெரிந்தவள் ஒருத்திகூட இல்லையா என்று கேட்பார்கள்.

கடை எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் துணிகளுக்குப் பூப்போட்டுக்கொண்டிருப்பேன். அதனால் அங்கே நடந்தது பெரும்பாலும் என் கண்ணெதிரே நடந்தது. மீதியை அன்செல்மோவின் மனைவி அம்பாரோ என் அம்மாவிடம் சொன்னாள்.

மலிஞ்சே மலையின் சரிவில் இருக்கும் எங்கள் சான் நிகோமெதெஸில் எந்தத் தெருவும் நேராகப் போகாது. மேல் வட்டாரத்தை ஓர் ஓடைப்பள்ளம் இரண்டாகப் பிளக்கிறது. ஜூனிலிருந்து அக்டோபர் வரை அதில் செம்மண் தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கும். அந்த மாதங்களில் நடைபலகைகளைக் கழற்றி மேலே வைத்துவிடுவார்கள். அக்கரைக்குப் போகிறவர்கள் சான் இசித்ரோ கோயிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நவம்பரில், செத்தவர்கள் திருநாளுக்குக் கல்லறைக்குப் பூக் கொண்டுபோகும்போது பலகைகள் திரும்ப வரும்.

மேல் வட்டாரம் முழுவதற்கும் ஒரே தோர்த்தியாக் கடை அன்செல்மோவுடையது. அதற்குக் காரணம் தோர்த்தியாக் கடைக்காரர் சங்கத்துக் கயிறு. ஐம்பது மீட்டர் கயிறு அது. மீட்டருக்கு ஒரு முடிச்சு, பத்து முடிச்சுக்கு ஒரு சிவப்புத் துணி. ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் நடுவில் முந்நூறு மீட்டர் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். சங்கம் அளந்து கொடுக்காமல் நகராட்சி உரிமம் தராது; அளக்கும் வரை தற்காலிகச் சீட்டில் கடையை ஓட்டலாம். மேடு பள்ளமான ஊர் என்பதால் எப்படி அளப்பது என்றும் எழுதி வைத்திருந்தார்கள்: வாசலிலிருந்து வாசலுக்கு, ஆட்கள் நடக்கும் வழியில்.

அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவர் அன்செல்மோதான். பதினான்கு வருஷமாகச் சங்கச் செயலாளர். நிதானமானவர், பொய் சொல்ல மாட்டார் என்று பெயர். எட்டு வருஷத்துக்கு முன்னால் அக்கரையில் ஹசிந்தோ என்பவன் கடை போட்டபோது அவர்தான் அளந்தார். ஓடைப்பள்ளத்தின் வழியாக இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். ஹசிந்தோ கடையை மூடினான். இயந்திரத்தை விற்றான். அரைகல்லைக் கொத்தும் உளிகளை மட்டும் வைத்துக்கொண்டான். இப்போது ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் அரைகல்லைக் கொத்துகிறான். அன்செல்மோ கடைக் கல்லையும் அவன்தான் கொத்துகிறான்.

கடையின் உயிர் அம்பாரோவின் கை. சாயங்காலம் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, விடியலில் கழுவி அரைவைக்குக் கொடுப்பாள். சுண்ணாம்பு கூடினால் மாவு மஞ்சளாகிக் கசக்கும். குறைந்தால் தோல் போகாது, தோர்த்தியா விளிம்பில் வெடிக்கும். புதுச் சோளத்துக்கு ஓர் அளவு, பழசுக்கு ஓர் அளவு. அவள் அளந்து போட்டு நான் பார்த்ததில்லை. தண்ணீரில் விரலை விட்டு எடுத்து நாக்கில் வைப்பாள், அவ்வளவுதான். அவள் விரல்களில் எப்போதும் வெடிப்பு இருக்கும்.

ஹசிந்தோ கடை மூடிய பிறகு சில விஷயங்கள் மெதுவாக மாறின. வரிசையில் நிற்கிறவர்களுக்குச் சூடாக ஒன்றை எடுத்து உப்புத் தூவிச் சுருட்டிக் கையில் கொடுப்பது எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம். அன்செல்மோ கடையின் உப்புக் கிண்ணம் ஒருநாள் உடைந்தது. வேறு கிண்ணம் வரவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொத்திய கல்லை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொத்தினார்கள். பிறகு ஊறவைத்த சோள மாவோடு மூட்டையில் வரும் உலர் மாவைக் கலந்தார்கள். முதலில் ஒரு கை. அப்புறம் பாதிக்குப் பாதி.

"காலையில சுட்டது மத்தியானம் அட்டை மாதிரி ஆயிடுது, தோன் அன்செல்மோ," என்று தோன்யா தெக்லா கேட்டாள். அவளுக்கு ஒரு கால் இழுக்கும். வாய் இழுக்காது.

"காத்து அப்படி இருக்கு."

"எட்டு வருஷமா ஒரே காத்தா அடிக்குது?"

வரிசை சிரித்தது. அன்செல்மோவும் சிரித்தார். சிரித்துவிட்டு அதே அட்டையை நிறுத்துக் கொடுத்தார். வேறு எங்கே போவார்கள்.

நியேவெஸ் அம்பாரோவின் தங்கை. புவெப்லா நகரத்தில் இருந்தவள். புருஷன் லாரி விபத்தில் போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளோடு ஊர் திரும்பினாள். ஒன்றரை வருஷம் அக்காள் கடையில் தராசில் நின்றாள். உலர் மாவு விஷயத்தில்தான் சண்டை வந்தது.

"இதைச் சோளத் தோர்த்தியான்னு சொல்லி விக்கிறீங்களே அன்செல்மோ. வாங்கறவங்க முகத்தைப் பார்த்து நான்ல கொடுக்கிறேன்."

"கேஸ் என்ன விலை விக்குதுன்னு உனக்குத் தெரியுமா? சோளத்தை வேகவைக்கிறது கேஸு, தண்ணி, ராத்திரி முழுக்கக் காவல். மாவு மூட்டையைப் பிரிச்சாப் போதும்."

"அப்ப அப்படியே போர்டு எழுதிப் போடுங்க. 'மூட்டையைப் பிரிச்சது'ன்னு."

"உன் கடைன்னா நீ எழுதிப் போடு."

அவர் கோபத்தில் சொன்னது அது. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். ஆகஸ்ட் மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அக்கரையில் எட்டு வருஷம் பூட்டிக் கிடந்த ஹசிந்தோவின் அறை திறந்தது. பழைய இயந்திரம் ஒன்று உள்ளே ஓடியது. அந்தச் சத்தம் ஓடைத் தண்ணீர் இரைச்சலைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. அன்செல்மோ தராசில் கையை வைத்தபடி அப்படியே நின்றதைப் பார்த்தேன்.

முதல் வாரம் அக்கரைக்காரர்கள் மட்டும் அங்கே போனார்கள். இரண்டாவது வாரம் இக்கரையிலிருந்தும் சிலர், கோயிலைச் சுற்றிக்கொண்டு, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரே விலைதான். நியேவெஸ் ஒரு காசு குறைக்கவில்லை. ஆனால் தட்டில் உப்பு இருந்தது.

"என்ன தெக்லா, இந்தக் காலை வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் போயிட்டு வரியா?" என்று என் அம்மா கேட்டாள்.

"போறப்ப வலிக்குது. திங்கிறப்ப வலிக்கல."

செப்டம்பரில் அன்செல்மோ கடைத் தட்டிலும் புதுக் கிண்ணம் ஒன்றில் உப்பு வந்தது. ஹசிந்தோவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் கல்லைத் தலைகீழாகப் புரட்டி, வாசலில் உட்கார்ந்து உளியால் கொத்திக்கொண்டே சொன்னான்: "போன மாசம்தான கொத்தினேன். கல்லுக்கு என்ன, திடீர்னு பல்லு விழுந்துடுச்சா?"

"வேலையைப் பாரு, ஹசிந்தோ," என்றார் அன்செல்மோ.

அக்டோபரில் உலர் மாவு மூட்டைகள் வருவதும் நின்றது. யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை. தோர்த்தியா மறுபடி மத்தியானம் வரை மடங்கியது. சிலர் திரும்பி வந்தார்கள். ஆனாலும் நாளுக்கு ஆறு மூட்டைச் சோளம் அரைத்த கடையில் நாலு மூட்டைக்கு மேல் போகவில்லை. இயந்திரத்தில் நின்ற ஃபெர்மினை நவம்பரில் போகச் சொன்னார்கள். ஒன்பது வருஷம் நின்றவன். போகிற அன்று இயந்திரத்தைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, துணியை மடித்து வைத்துவிட்டுப் போனான். அவன் மனைவி அதன்பிறகு எந்தக் கடைக்கும் வரவில்லை. வீட்டிலேயே தட்டிக்கொண்டாள்.

அம்பாரோ அந்த மாதங்களில் தினமும் நாலு மணிக்குக் கறுப்புச் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் நடப்பாள். தங்கை செய்ததற்கும் புருஷன் படுகிறதற்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள், ஜெபமாலை சொல்லி மனசைத் தேற்றிக்கொள்கிறாள் என்று தெரு பேசியது. அன்செல்மோவும் அப்படித்தான் நினைத்தார். "எனக்காகவும் ஒண்ணு சொல்லிட்டு வா, கிழவி," என்பார். அவள் தலையசைப்பாள்.

சங்கத் தலைவர் தோன் பௌலினோ ஆகஸ்டிலேயே வந்துவிட்டார். கனத்த உடம்பு, மெதுவான குரல். அன்செல்மோவை நட்பு முறையில் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார். ஊரில் மூன்று கடைகள் அவருக்கு. அன்செல்மோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அம்பாரோ வைத்த அவரைக்காய்க் குழம்பைத் தோர்த்தியாவால் வழித்துச் சாப்பிட்டார். நானும் அம்மாவும் திருநாள் துணிகளைக் கொடுக்கப் போயிருந்தோம்.

"தண்ணி வடியட்டும், கொம்பாத்ரே. ஜனவரியில கயிறை எடுத்துட்டு வரோம். புதுசா அளக்கவே வேண்டாம். உங்க கையெழுத்துல இருநூத்திப் பன்னெண்டுன்னு புஸ்தகத்துல இருக்கு. அதே வாசல். ஆனாலும் முறைன்னு ஒண்ணு இருக்கே."

அன்செல்மோ தோர்த்தியாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அம்பாரோதான் கேட்டாள்.

"அவ ரெண்டு பிள்ளையை வெச்சுக்கிட்டு என்ன செய்வா, தோன் பௌலினோ?"

"வேற எங்கயாவது போடட்டும். முந்நூறு மீட்டர் தாண்டி."

"தாண்டினா அங்க இன்னொரு கடை இருக்கு. அதைத் தாண்டினா உங்க கடை. அதையும் தாண்டினா மலை. மலையில யாருக்கு விக்கிறது? நரிக்கா?"

பௌலினோ சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார்.

"அம்பாரோ, கீழ்ச் சந்தையில நடந்தது ஞாபகம் இருக்கா? அங்க சங்கம் கிடையாது. வெளியூர்க்காரன் ஒருத்தன் நாலு மெஷினோட வந்தான். பாதி விலைக்குக் கொடுத்தான். ஆறு மாசம். ஜனங்க கும்பிட்டாங்க அவனை. அஞ்சு கடை மூடுச்சு. ஏழாவது மாசம் அவன் வெச்சதுதான் விலை. அந்த அஞ்சுல ஒண்ணு என் அண்ணன் கடை. அவன் இப்ப சிகாகோவில பாத்திரம் கழுவறான்."

"நியேவெஸ் கிட்ட இருக்கிறது ஒரு மெஷின். அதுவும் தட்டினாத்தான் ஓடுது. விலையும் உங்க விலைதான்."

"இன்னைக்கு உன் தங்கச்சிக்கு வழி விட்டுட்டு, நாளைக்கு அந்த நாலு மெஷின்காரன் வந்தா எந்த முகத்தோட இல்லைன்னு சொல்றது? கயிறு ஆளைப் பார்க்காது. அதனாலதான் அது கயிறு."

"ஆளைப் பார்க்காது. மாசத்தைப் பார்க்குதே. இப்ப ஏன் அளக்கல?"

பலகை இல்லாத மாதத்தில் கயிறு கோயிலைச் சுற்றித்தான் போக வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். வெளியே மழை தகரத்தில் அடித்தது. அன்செல்மோ தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "போதும், கிழவி," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவர் சொல்வதுபோல் இருந்தது.

அன்று ராத்திரி அவர் அம்பாரோவிடம் சொன்னதை அவள் பின்னால் என் அம்மாவிடம் சொன்னாள். "எனக்கு அம்பத்தெட்டு ஆச்சு. இந்த மெஷினைத் தவிர ஒண்ணும் தெரியாது. அவளுக்கு முப்பத்தாறு. அவ வேற எதையாவது கத்துக்கலாம். நான் எதைக் கத்துக்கறது?" "அவர் சொன்னதுலயும் தப்பில்லையே, கொமாத்ரே," என்று அம்பாரோ என் அம்மாவிடம் கேட்டாள்.

ஜனவரி மூன்றாவது வியாழக்கிழமை அளந்தார்கள். ஓடை காய்ந்து கிடந்தது. அடியில் கூழாங்கல்லும் உறைந்த சேறும்தான். மலிஞ்சே உச்சியில் பனி வெள்ளையாகத் தெரிந்தது. காலை பத்து மணிக்கும் மூச்சு விட்டால் புகை வந்தது. பௌலினோவும் சங்கத்துக்காரர்கள் நாலு பேரும் வந்தார்கள். நகராட்சியிலிருந்து ஓர் இளைய எழுத்தர், கையில் அட்டையோடு வந்தார். தெருவே வாசலில் நின்றது. ஹசிந்தோ ஒரு ஓரமாக, உளிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். அவனை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

அக்கரையில் நியேவெஸ் கடையை மூடாமல் விற்றுக்கொண்டிருந்தாள். இயந்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்செல்மோ இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தன் வாசல்படியில் மண்டியிட்டுக் கயிற்றின் முதல் முடிச்சை வைத்தார். பௌலினோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒரு கயிறு. இரண்டு. மூன்றாவது கயிறு ஓடைப்பள்ளத்தில் இறங்கி ஏறியது. நடைபலகையில் பௌலினோ கால் வைத்தபோது மூன்றாவது பலகை ஆடியது. அந்தப் பலகை எப்போதும் ஆடும். பெண்கள் அதைத் தாண்டித்தான் காலை வைப்பார்கள். நாலாவது கயிறு முடிந்து, பன்னிரண்டு முடிச்சில் நியேவெஸ் கடை வாசல் வந்தது.

"இருநூத்திப் பன்னெண்டு," என்றார் பௌலினோ. நியேவெஸ் தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எல்லோரும் திரும்ப இக்கரைக்கு வந்தார்கள். எழுத்தர் அட்டையில் எழுதினார். எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்று, தாளைப் படித்தார்.

"வாசலிலிருந்து வாசலுக்கு, ஆட்கள் நடக்கும் வழியில்னு இருக்கு. இந்த வழியில நடக்கிற ஆள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"ஊரே நடக்குது," என்றார் பௌலினோ. "தோன்யா தெக்லா, நீங்க போடுங்க."

தெக்லா கைத்தடியை ஊன்றி இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"எதுக்கு?"

"இந்த வழியா நடக்கிறீங்கன்னு."

"நடக்கிறேன். என் வீட்டுலருந்து அவ கடைக்கு. அவ கடையிலருந்து என் வீட்டுக்கு."

"அதான."

"அது இல்லையே இவரு கேக்கறது. இவர் வாசல்லருந்து அவ வாசலுக்கு நடக்கிறவ யாருன்னு கேக்கறாரு. ஒரு கடையில வாங்கிக்கிட்டு எவளாவது இன்னொரு கடைக்கு நடப்பாளா? கிறுக்கு பிடிச்சவளா இருந்தாத்தான். அந்த ரெண்டு வாசலுக்கும் நடுவுல யாரும் நடக்கறதில்ல, தோன் பௌலினோ. உங்க கயிறு மட்டும்தான் நடக்குது."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எழுத்தர் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்தார். பௌலினோவின் முகம் சிவந்தது.

"விளையாட்டு இல்ல இது. யாராவது ஒருத்தர் நடக்காமலா இருப்பாங்க?"

"நான் நடக்கிறேன்."

அம்பாரோ கடைக்குள்ளிருந்து வந்து படியில் நின்றாள். ஏப்ரனில் மாவு ஒட்டியிருந்தது. கைகளை அதில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இந்த வாசல்லருந்து அந்த வாசலுக்குத் தினமும் நான் நடக்கிறேன். ஆகஸ்ட்லருந்து. நாலு மணிக்கு."

அன்செல்மோ அவளை நிமிர்ந்து பார்த்தார். கயிறு அவர் முழங்கையில் பாதி சுற்றியிருந்தது.

"நாலு மணிக்கு நீ கோயிலுக்குப் போற," என்றார்.

"கோயில் வழியா போறேன். கோயிலுக்குள்ள போறதில்ல. அவளுக்குச் சுண்ணாம்பு பிடிபடல. முதல் நாள் மாவு கசந்து மொத்தத்தையும் பன்னிக்குப் போட்டா. பிள்ளைங்க அழுதுச்சுங்க. அதுலருந்து நான்தான் போய் வேகவெச்சுட்டு வரேன்."

தெக்லா மெல்ல, "அதான் அங்க தின்னப்ப, இதை முன்னாடியே தின்னிருக்கமேன்னு தோணுச்சு," என்றாள்.

அன்செல்மோவுக்கு அது எட்டியதா தெரியவில்லை. அவர் அம்பாரோவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக அக்கரையிலிருந்து அவர் வரிசையைக் கரைத்த ருசி அவர் வீட்டிலிருந்தே போயிருந்தது. அவர் கலந்த மாவு மட்டும்தான் அதில் இல்லாமல் இருந்தது.

"பலகை போட்டு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு," என்றார் எழுத்தர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பவும் சுத்தித்தான் போறீங்களா?"

"சுத்தித்தான்."

"ஏன்?"

அம்பாரோ கைகளை மறுபடி ஏப்ரனில் துடைத்தாள். "இவரு தராசு நிக்கிற இடத்துலருந்து பார்த்தா பலகை தெரியும்," என்றாள்.

பௌலினோ முன்னால் வந்தார். "இது செல்லாது. கடைக்காரர் பொண்டாட்டி. அந்தக் கடைக்காரிக்கு அக்கா. ரெண்டு பக்கமும் சொந்தம். இவளை எப்படிச் சாட்சியா வெச்சுக்கறது?"

"சொந்தக்காரங்க கூடாதுன்னு இதுல இல்லை," என்றார் எழுத்தர். "ஆட்கள்னு மட்டும்தான் இருக்கு." பிறகு அன்செல்மோவைப் பார்த்தார். "செயலாளர் நீங்கதான். எந்த வழின்னு நீங்க சொல்லுங்க. எழுதிடறேன்."

அக்கரை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அன்செல்மோ ஒரு வார்த்தை சொன்னால் அது நின்றுவிடும். வரிசை திரும்ப வரும். ஃபெர்மினைக்கூடத் திரும்பக் கூப்பிடலாம். புத்தகத்தில் ஏற்கெனவே அவர் கையெழுத்தில் இருக்கும் எண்தான் அது. அதை இன்னொரு தடவை எழுதினால் போதும். அவர் முகத்தில் இதெல்லாம் ஓடியதா என்று எனக்குத் தெரியாது. அவர் தாடை அசைந்துகொண்டிருந்தது, எதையோ மெல்லுகிறவர்போல.

"ஹசிந்தோ," என்றார் திடீரென்று.

ஹசிந்தோ பையைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

"நீ கடை போட்டது எந்த மாசம்?"

"ஜூலை."

"நாங்க அளந்தது?"

"ஜனவரி, தோன் அன்செல்மோ. இதே மாதிரி குளிரு. நீங்க அன்னைக்கும் வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தீங்க."

"அன்னைக்கு நீ ஏன் கேக்கல? எந்த வழின்னு."

ஹசிந்தோ யோசித்தான். அவன் குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் அது இன்னும் என் காதில் இருக்கிறது.

"கேட்டு என்ன செய்ய? நம்ம ரெண்டு வாசலுக்கும் நடுவுல எனக்காக நடக்க அன்னைக்கு யாரும் இல்ல."

அன்செல்மோ கயிற்றை முழங்கையிலிருந்து அவிழ்த்தார். திரும்பவும் தன் படியில் மண்டியிட்டு முதல் முடிச்சை வைத்தார்.

"கோயில் வழியா," என்றார்.

பௌலினோ மறுமுனையைத் தொடவில்லை. "கொம்பாத்ரே, யோசிச்சுச் செய்யுங்க. இன்னைக்குக் கயிறை வளைச்சா, நாளைக்கு எவனாவது உங்க எதிர்லயே கடை போடுவான். அப்ப சங்கத்துக்கு வராதீங்க."

"வளைக்கல. சட்டத்துல இருக்கிறபடிதான் அளக்கிறேன். போன தடவைதான் அப்படி அளக்கல."

மறுமுனை மண்ணில் கிடந்தது. சங்கத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹசிந்தோ உளிப் பையை எங்கள் வீட்டுப் படியில் இறக்கி வைத்துவிட்டுப் போய் அதை எடுத்தான்.

இருவரும் நடந்தார்கள். ஒவ்வொரு கயிறு முடியும்போதும் ஹசிந்தோ நின்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு கோடு போடுவான். அன்செல்மோ அந்தக் கோட்டுக்கு வந்து குனிவார். குனிந்து எழ அவருக்குச் சிரமமாக இருந்தது. முழங்காலில் மண் படிந்தது. அம்பாரோ அவர்களுக்கு முன்னால் நடந்தாள், வழி காட்டுகிறவளாக. கோயில் சுவரை ஒட்டி, மணிக்கூண்டைத் தாண்டி, பழைய மேய்ச்சல் வேலிக்குப் பக்கத்தில் திரும்பி. கூட்டம் பின்னால் போனது. தெக்லாவும் தடியை ஊன்றிப் போனாள்.

ஆறு கயிறு முடிந்தபோது நியேவெஸ் கடை வாசலுக்கு இன்னும் தூரம் இருந்தது. முப்பத்தொரு முடிச்சு எண்ணினார்கள்.

"முந்நூத்தி முப்பத்தொண்ணு," என்றார் அன்செல்மோ. எழுத்தர் எழுதினார். அம்பாரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். மாவுக் கறை தாளில் ஒட்டியது.

நியேவெஸ் அப்போதுதான் இயந்திரத்தை நிறுத்தினாள். ஒரு தோர்த்தியாவை எடுத்து, உப்புத் தூவிச் சுருட்டி, கடைக்கு வெளியே வந்து அன்செல்மோவிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அவள் நீட்டிய கையோடு நின்றாள். கடைசியில் ஹசிந்தோ வாங்கிக்கொண்டான். தன் பழைய வாசலில் நின்று, மெதுவாக, முழுவதையும் தின்றான்.

பௌலினோ கயிற்றை வாங்கிக்கொண்டு போனார். அன்செல்மோ செயலாளராக இருந்தது அன்றோடு முடிந்தது. யாரும் அறிவிக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை, அவ்வளவுதான். ஃபெர்மினைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. நாலு மூட்டைக்கு இரண்டு பேர் தேவைப்படவில்லை. அவன் பிப்ரவரியில் எல்லை தாண்டி வடக்கே பிழைக்கப் போனான்.

அன்று சாயங்காலம் அன்செல்மோ வீட்டில் சத்தமே இல்லை. என் அம்மா காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சண்டை போட்டா நல்லது," என்றாள்.

மறுநாள் இயந்திரம் ஆறு மணிக்குக் கிறீச்சிட்டது. அன்செல்மோ நிறுத்தார், சுற்றினார், சில்லறை கொடுத்தார். யாரோ நேற்றைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "அடுத்து யாரு?" என்றார். நாலு மணிக்கு வரிசை இல்லை. அம்பாரோ ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கறுப்புச் சால்வை பக்கத்து ஆணியில் தொங்கியது. அதை எடுக்கவில்லை. வெறுந்தலையோடு படியிறங்கி, கோயில் பக்கம் திரும்பாமல், நேராக ஓடைப்பள்ளத்தை நோக்கி நடந்தாள்.

அன்செல்மோ தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் முதுகு எதிரேயே தெரிந்தது. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். அவள் பலகைக்குப் பக்கத்தில் போனதும் துணியைக் கீழே வைத்தார்.

"கிழவி," என்று உரக்கக் கூப்பிட்டார்.

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"மூணாவது பலகை ஆடுது. பார்த்துக் கால வை."